முள் இல்லாத கரை

மழை விட்டதும் காட்டில் குளிர்காய்ச்சல் இறங்கியது. ஓடையின் இந்தக் கரையில் பூவி என்ற சருகுமான், பால் மறக்காத தன் குட்டியோடு இருந்தாள். போன மழைக்கு மூத்த குட்டியை இதே காய்ச்சலுக்குப் பறிகொடுத்தவள். இந்தக் குட்டியையாவது எங்கே படுக்க வைத்துக் காப்பாற்றுவது என்பதே அவளுக்கு எந்நேரமும் யோசனை.

காய்ச்சல் உண்டா இல்லையா என்று சொல்ல ஓடைக் கல்லில் ரத்தம் உறிஞ்சும் அட்டை ஒன்று இருந்தது. நடுங்குகிற மிருகம் தானே நடந்து வந்து காலை நீட்டும். அட்டை ஒரு சொட்டு உறிஞ்சும். "கசக்குது!" என்றால் காய்ச்சல். உடனே கசப்பு மரப்பட்டையைக் கடித்துத் தின்றால் பிழைக்கலாம்.

முள்ளம்பன்றி களிமண்ணில் அந்தக் காட்டை அப்படியே வரைந்து வைத்திருந்தது. அட்டை "கசக்குது" என்று சொல்லும்போதெல்லாம் தன் முதுகிலிருந்து ஒரு முள்ளைப் பிடுங்கும். படத்தில் காய்ச்சல்காரர் படுக்கிற இடத்தில் குத்தி வைக்கும்.

ஒரு நாள் காலை அது எல்லோரையும் கூப்பிட்டது.

"பாருங்க! நம்ம கரை முழுக்க முள்ளு! எதிர்க்கரை நாணல் காட்டுல ஒண்ணுகூட இல்ல! காய்ச்சல் இங்கதான் இருக்கு. எல்லாரும் அங்க போயிடுவோம்!"

"நல்லவேளை சொன்னீங்கண்ணே! நீங்க மட்டும் இல்லேன்னா எங்க கதி என்ன!" என்றது காட்டுப்பன்றி.

பூவிக்குக் கூட்டத்தில் பேச வராது. மற்றவர்கள் கிளம்பும் முன்பே, குட்டியை முன்னே விட்டு ஓடையைக் கடந்தாள்.

எதிர்க்கரையில் சத்தமே இல்லை. உச்சி வெயில் அடித்தும் ஒரு பறவை கத்தவில்லை. மேய ஆளில்லாமல் புல் ஓங்கி நின்றது. பழைய குளம்புத் தடம் ஒவ்வொன்றிலும் தண்ணீர் தேங்கி, கண் மாதிரி விழித்துக் கிடந்தது.

காற்று இல்லை. ஆனால் நாணல் ஆடியது.

"அம்மா, அதை யாரும்மா ஆட்டுறாங்க?"

பூவி மூக்கால் நாணலை விலக்கினாள். உள்ளே மிளா என்கிற பெரிய மான் ஒன்று படுத்திருந்தது. அதன் உடம்பு நடுங்க நடுங்க, அது சாய்ந்திருந்த நாணலும் நடுங்கியது. அதற்கு அப்பால் இன்னொன்று. அதற்கும் அப்பால், கண்ணுக்கு எட்டிய வரை, நாணல் நடுங்கிக்கொண்டே இருந்தது.

"வா தங்கச்சி," என்றது மிளா. பல் தந்தியடித்தது. "இடம் நிறைய இருக்கு. நீயும் படுத்துக்கோ."

"ஏண்ணே, நீங்க யாரும் அட்டைகிட்ட வரலையா?"

"எந்திரிக்கவே முடியல. ஓடையை எங்க தாண்டுறது? இங்க வந்தும் யாரும் பாக்கல."

காதோரம் மெல்லிசாக ஒரு கொசு பாடியது. "இருந்துட்டுப் போம்மா! குட்டி கொழுகொழுன்னு இருக்கே! இந்தக் கரையில முள்ளே கிடையாதாமே!"

பூவி குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு ஓடினாள். கல்லை எட்டியதும் குட்டியின் காலை நீட்டினாள். அட்டை உறிஞ்சியது.

"சொல்லுங்கக்கா!"

"இன்னும் கசக்கல," என்றது அட்டை.

அதற்குள் கூட்டம் ஓடைக்கு வந்துவிட்டது. பூவி குறுக்கே போய் நின்றாள்.

"போகாதீங்க! அங்க எல்லாரும் காய்ச்சல்ல கிடக்கிறாங்க!"

"அப்படின்னா முள்ளு எங்க?" என்று சிலிர்த்தது முள்ளம்பன்றி.

"அட்டையக்கா அங்க போகவே இல்லையேண்ணே! அப்புறம் முள்ளு எப்படி வரும்?"

முள்ளம்பன்றி கல்லில் இருந்த அட்டையைத் திரும்பிப் பார்த்தது.

"எனக்குக் காய்ஞ்ச தரையில நகர வராதே," என்றது அட்டை.

"என் காலைப் பிடிச்சுக்கிட்டு வாங்கக்கா."

அட்டையைக் காலில் சுமந்துகொண்டு பூவி மறுபடி நாணலுக்குள் போனாள். காட்டுப்பன்றி பட்டையைக் கவ்விக்கொண்டு பின்னால் வந்தது. "கசக்குது! கசக்குது!" என்று சொல்லிச் சொல்லி அட்டை பந்தாக வீங்கியது. "ஏ புள்ள, மெதுவா! வெடிச்சிரப் போறேன்!"

சில இடத்தில் நாணல் ஆடவில்லை. அங்கெல்லாம் அட்டை வாயை வைத்தது. கிடந்த உடம்பில் உயிர் இல்லை.

பூவி களைத்ததும் காட்டுப்பன்றி அட்டையைச் சுமந்து இரண்டு கரையும் சுற்றியது. நடுங்குகிறவர், நடுங்காதவர், யாரையும் விடவில்லை. எல்லாம் முடிந்தபோது முள்ளம்பன்றியின் முதுகு பாதி மொட்டை. களிமண் படமும் வேறு மாதிரி இருந்தது. இரண்டு கரையிலும், தண்ணீர் தேங்கின பள்ளத்தை ஒட்டியே முள் அடர்ந்து நின்றது. காற்றடிக்கிற பாறை மேட்டில் மட்டும் ஒன்றுமில்லை.

"மேட்டுக்குப் போயிடு தங்கச்சி. அங்க முள்ளே இல்ல," என்றது முள்ளம்பன்றி.

பூவி அசையவில்லை. குட்டியை அணைத்துக்கொண்டு கேட்டாள்: "அங்க அட்டையக்கா போனாங்களா?"

"போனா. அங்க படுக்கிற ஒருத்தர் காலையும் விடல. ஒருத்தருக்கும் கசக்கல."

அதன் பிறகுதான் பூவி குட்டியை மேட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாறையில் படுக்க வைத்தாள்.

போய்ப் பார்க்காத இடத்தை நோயில்லாத இடம் என்று நம்பிவிடக் கூடாது.