மினுங்கிய ஆயில்

புது வண்டி ஒன்று பொள்ளாச்சிக்கு வந்து சேர்ந்தது. அதன் இன்ஜினுக்குள் ஓர் ஆயில் குடியிருந்தது. தொழிற்சாலையிலேயே ஊற்றி அனுப்பிய ஆயில். அந்த வீட்டில் தான்தான் மூத்தது என்று அதற்கு ஓர் எண்ணம். அதில் பொய்யும் இல்லை. அது வருவதற்கு முன் அங்கே யாரும் அசைந்ததே கிடையாது.

முதல் நாளிலிருந்தே சண்டை. பிஸ்டனும் புதுசு, அது ஏறி இறங்கும் சிலிண்டரும் புதுசு. ஒருவர் உடம்பு ஒருவருக்குப் பழகவில்லை.

"கொஞ்சம் தள்ளிப் போனா என்ன? தோலை உரிக்கிறியே!" என்று சிலிண்டர் கத்தும்.

"தள்ளிப் போக நீ இடம் விட்டாத்தானே? உடம்பெல்லாம் முள்ளை வெச்சுக்கிட்டு என்னைச் சொல்ல வந்துட்டே!" என்று பிஸ்டன் திருப்பிக் கொடுக்கும்.

ஆயில் ஓடிவந்து நடுவில் புகுந்துகொள்ளும். "விடுங்கப்பா. அதான் நான் இருக்கேனே."

இருவரும் உரசியதில் உதிர்ந்த பொடியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு அது நகர்ந்துவிடும். நிமிஷத்துக்கு ஆயிரம் தடவை சண்டை, ஆயிரம் தடவை சமாதானம்.

நாளாக ஆக மேடுகள் தேய்ந்தன. தொள்ளாயிரம் கிலோமீட்டர் ஓடியபோது பிஸ்டனும் சிலிண்டரும் முணுமுணுப்பைக்கூட விட்டிருந்தன. அப்போதுதான் ஆயில் தன்னையே ஒருமுறை உற்றுப் பார்த்தது. வந்தபோது இல்லாத ஒரு பளபளப்பு! உடம்பு முழுக்க வெள்ளியைக் கரைத்து ஊற்றினாற்போல் மினுங்கியது.

"பாத்தியா? உழைச்ச உடம்பு எப்படி மின்னுது பாரு" என்று, தன்னை வடிகட்டி அனுப்பும் ஃபில்டரிடம் காட்டியது.

"ம்" என்றது ஃபில்டர்.

"இன்னும் ஒன்பதாயிரத்து நூறு கிலோமீட்டர் இங்கேதான் இருப்பேன். வண்டியோட குடுத்த புத்தகத்துலயே போட்டிருக்கு" என்றது ஆயில்.

பேரிங் மட்டும் எதிலும் கலந்துகொள்ளாது. இன்ஜினின் பாரமெல்லாம் சுழலும் இடத்தில் அது இருந்தது. ஆனால் மேனியோ மென்மையான உலோகம். ஆயில் தன்னைக் கடக்கும் ஒவ்வொரு தடவையும் அது கண்ணை மூடிக்கொள்ளும். அதை மரியாதை என்றே ஆயில் நினைத்திருந்தது.

ஒரு சனிக்கிழமை காலையில் பானட் திறந்தது.

வண்டிக்குச் சொந்தக்காரி பூங்கோதை. வால்பாறை எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஆழியாறு தாண்டினால் நாற்பது கொண்டை ஊசி வளைவு. இனி வாரம் ஒருமுறை தனியாக ஏறி, தனியாக இறங்க வேண்டும்.

அவள் கணவன் தெய்வசிகாமணி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி வெயிலில் பிடித்தான்.

"கோதை, இங்க வந்து பாரு. எப்படி மினுங்குது! புது வண்டின்னா இதுதான் புது வண்டி."

கம்பியின் நுனியில் தொங்கியபடி ஆயில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டது.

பூங்கோதை ஒரு சொட்டை விரலில் தொட்டுத் தேய்த்தாள். "ஏனுங்க, லேசா நெருடுதுங்க."

"ஆயில் எங்காவது நெருடுமா? ஊசி போட்டுப் போட்டு உன்ற கை மரத்துப் போச்சு."

"மரத்த கைக்கு நெருடறது தெரியுமாங்க? இதை இன்னைக்கே மாத்திப்போடலாம்."

சிகாமணி பதறிப்போய் டேஷ்போர்டிலிருந்து புத்தகத்தை எடுத்து வந்தான். சீட்டு மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் கவரைக்கூட இன்னும் பிரிக்காத ஆள் அவன்.

"பாரு, பத்தாயிரம்னு அச்சடிச்சே குடுத்திருக்கான். தொள்ளாயிரத்துல மாத்தினா ஊரே சிரிக்கும்."

புத்தகம் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன் மொழியில் அறிவித்தது: "பத்தாயிரம் கிலோமீட்டர் அல்லது ஓராண்டு. இவற்றுள் எது முன்னதோ, அது."

"கேட்டீங்களா எல்லாரும்!" என்று உள்ளேயிருந்து ஆயில் கூவியது.

பூங்கோதை நிதானமாகக் கேட்டாள். "நம்ம வீட்டுக்குப் புதுக் கிரைண்டர் வந்துச்சே. முதல் தடவை ஆட்டின மாவை என்னங்க பண்ணினோம்?"

"வாசல்ல கொட்டினோம்."

"ஏனுங்க? வெள்ளை வெளேர்னுதானே இருந்துச்சு?"

"இருந்தா? கல்லுப்பொடி கலந்திருக்குமே. அதுல எவனாவது இட்லி ஊத்தித் திம்பானா?" என்று சொன்னவன் கம்பியை மறுபடி பார்த்தான். பிறகு வீம்புக்குச் சொன்னான். "அது கல்லு. இது கம்பெனி."

"திங்கக்கிழமை அந்த மலை ஏறப்போறது நானுங்க. உங்க புத்தகம் டேஷ்போர்டுக்குள்ள படுத்துக்கிட்டு வரும். பத்தாயிரத்துக்கு முன்னாடி மாத்தக்கூடாதுன்னு அதுல எங்காவது இருக்குதா, பாத்துச் சொல்லுங்க."

அவன் பக்கம் பக்கமாகப் புரட்டினான். புத்தகத்தின் குரல் இறங்கியது. "அவ்வாறு ஏதும் குறிப்பிடப்படவில்லை."

பானட் மூடியது. உள்ளே இருட்டு. ஆயில் ஃபில்டரைக் கேட்டது.

"நிஜத்தைச் சொல்லு. என் உடம்புல மின்னுறது என்ன?"

"பெரிய துணுக்கையெல்லாம் நான் புடிச்சு வெச்சுக்கிட்டேன்" என்றது ஃபில்டர். "பொடிசா இருக்கறது என் கையில சிக்கறதில்ல, நழுவிடுது. நீ நினைக்கிற மாதிரி அது வெள்ளி இல்ல. இவங்க ரெண்டு பேரோட தோல்."

"அதை நான் எங்க கொண்டுபோறேன்?"

ஃபில்டர் பேரிங் இருந்த பக்கம் பார்த்தது.

"என்கிட்டங்க" என்றது ஒரு மெல்லிய குரல். பேரிங் பேசி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை. "ஒவ்வொரு சுத்துக்கும் கொண்டுவந்து என்மேல இழைக்கிறீங்க. சண்டை போட்டவங்களே அதை மறந்துட்டாங்க. நீங்கதான் இன்னும் சுமந்துக்கிட்டுத் திரியறீங்க."

"ஏன் முன்னாடியே சொல்லல?"

"நீங்க இல்லேன்னா முதல் நாளே நான் கருகியிருப்பேன். உங்ககிட்ட எப்படிங்க சொல்லுவேன்?"

பிஸ்டனுக்குத் தாங்கவில்லை. "நீ போகாதே. பத்தாயிரம்னு சொல்லித்தானே உன்னை அனுப்பினாங்க?"

"அது நான் தாங்கற தூரம்டா. இவ தாங்கணுமே" என்று ஆயில் பேரிங்கைக் காட்டியது.

மத்தியானம் சாகுல் பாயின் ஒர்க் ஷாப்பில் வண்டி நின்றது. வெளியே வரிசையில் நான்கைந்து வண்டிகள். முறை வருவதற்குள் இன்ஜின் ஆறிவிட்டது. ஆயிலும் கெட்டிப்பட்டு அடியில் தேங்கியது. அப்போது அதற்கு ஒரு சபலம். இப்படியே குளிர்ந்து கிடந்தால், சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு குவளையளவாவது இங்கேயே தங்கிவிடலாம். யார் வந்து தேடப்போகிறார்கள்?

சாகுல் பாய் இன்ஜினைத் தொட்டுப் பார்த்தார். "ஆறிப்போச்சேம்மா. பத்து நிமிஷம் ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. ஆறின ஆயில் அழுக்கை அடியில விட்டுட்டுத்தான் இறங்கும்."

பூங்கோதை சாவியைத் திருப்பினாள். பிஸ்டன் தயங்கித் தயங்கி ஏறியது.

"என்னடா சோம்பிக்கிடக்கறே?" என்று ஆயில் அதட்டியது. "நல்லா சூடாக்கு. ஒரு பொடி விடாம அள்ளிட்டுப் போகணும் நான்."

சூடு ஏறியது. ஆயில் இளகியது. அது வரையில் எட்டிப் பார்க்காத மூலைமுடுக்கெல்லாம் புகுந்து, சுவரிலும் அடியிலும் ஒட்டிக்கிடந்ததைத் துழாவி எடுத்தது. கடைசியாகப் பேரிங்கிடம் வந்தது.

"இன்னும் ஒரே ஒரு சுத்து. கண்ணை மூடிக்கோம்மா."

"இல்லீங்க. இந்தத் தடவை பாத்துக்கறேன்" என்றது பேரிங்.

வண்டி திரும்பி வந்தது. அடியில் இருந்த போல்ட் கழன்றது. ஆயில் எங்கேயும் பிடித்துக்கொள்ளவில்லை. சுடச்சுட, ஒரே தாரையாகக் கீழே வைத்த தட்டில் இறங்கியது.

"புதுசா வர்றவங்ககிட்ட உன்னைப் பத்தி என்ன சொல்லட்டும்?" என்று பிஸ்டன் மேலிருந்து கத்தியது.

"ஒண்ணும் சொல்லாதே!"

தட்டில் நிறைந்த ஆயிலின் மேல் வெயில் பட்டது. சிகாமணி குனிந்து பார்த்தான். கலைந்து கலைந்து மினுங்கியது. "அடேயப்பா, இவ்வளவா?" என்றான். பழைய ஃபில்டரையும் கழற்றித் தட்டின் ஓரத்தில் வைத்தார் சாகுல் பாய்.

புது ஆயில் தேன் நிறத்தில் இறங்கி வந்தது. திங்கட்கிழமை விடிந்ததும் ஆழியாறு. முதல் வளைவு, ஐந்தாவது, பதினேழாவது. பூங்கோதை கியரை மாற்றி மாற்றி ஏற, புது ஆயில் வீடு முழுக்கச் சுற்றி ஓடியது. எங்கும் ஒரு முள் இல்லை. ஒருவர் குரல் உயரவில்லை. இருபதாவது வளைவில் அது பேரிங்கின் பக்கம் வந்து ஆச்சரியத்தோடு கேட்டது.

"புது இடம்னா முட்டலும் மோதலுமா இருக்கும்னு பயந்துக்கிட்டே வந்தேன். இந்த வீட்ல சண்டையே வந்ததில்லையா?"

பிஸ்டன் பதில் சொல்ல வாயெடுத்தது. பேரிங் முந்திக்கொண்டது.

"வந்த மாதிரி தெரியலைங்களே" என்று சொல்லிவிட்டு, அடுத்த வளைவுக்கு வழுக்கிக்கொண்டு சுழன்றது.