பெரிய விண்மீனின் பக்கத்தில் தாய்மேகம் இல்லாதது ஏன்

அந்தக் காலத்தில், மேகங்களும் விண்மீன்களும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தபோது, குளிரழகி என்றொரு ஹைட்ரஜன் மேகம் இருந்தாள். மழை மேகம் என்று நினைத்துவிடாதீர்கள்; இவள் விண்மீன்களைப் பெறுகிற மேகம். சின்னச் சின்னதாக முப்பது பிள்ளை பெற்றவள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

அவர்கள் குலத்தில் ஒரு வழக்கம். பிள்ளை கண் திறக்கும்போது அந்த முதல் ஒளியைத் தாய்தான் சுற்றி வளைத்துத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ள வேண்டும். சின்னப் பிள்ளைகளின் ஒளி இதமாகத்தான் இருந்தது. முப்பது முறையும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டாள்.

முப்பத்தொன்றாவது பிள்ளை கனலன். வயிற்றில் இருக்கும்போதே அவள் உடம்பில் பாதியை இழுத்துக்கொண்டான்.

"அடியே, இவன் சாதாரணப் பிள்ளை இல்லை. கண் திறக்கிற நேரத்தில தள்ளி நில்லு" என்றாள் பக்கத்து மேகம் தூசாயி.

"போடி! என் பிள்ளை என்னையா சுட்டுடுவான்?" என்று குளிரழகி அவனை இன்னும் இறுக்கி அணைத்துக்கொண்டாள்.

கனலன் கண் திறந்தான். ஐயோ, அது ஒளியா! நீலமாய்ப் பாய்ந்து அவளை இழை இழையாகப் பிரித்துப் போட்டது. பிரிந்த இழைகள் செக்கச்செவேலென்று ஒளிர்ந்தன. அந்தச் சிவப்பைத்தான் இன்று நெபுலா என்கிறார்கள்.

"அம்மா, தள்ளிப் போ!" என்று அவன் அலறினான்.

"பெரிய பிள்ளைங்களுக்கு ஆயுசு கம்மிடா. இருக்கிற வரைக்கும் உன் பக்கத்திலேயே இருந்துடறேன்."

"இருந்தா நீ மிச்சமே இருக்கமாட்டே அம்மா!"

கண்ணை மூடவும் அவனால் முடியாது. விண்மீன் திறந்தால் திறந்ததுதான். மூச்சையெல்லாம் இழுத்துப் பிடித்து ஒரே ஊது ஊதினான். பெற்றவளை ஊதித் தள்ள எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? அழுதுகொண்டேதான் ஊதினான். மிச்சமிருந்த குளிரழகி வெகுதூரம் போய், அவனைச் சுற்றி வளையமாக நின்றாள்.

வயிற்றில் அவன் உதைத்த அந்தக் குளிர்ந்த நாட்களை நினைத்து நினைத்து ஏங்கினாள். ஏக்கம் தாங்காமல் முனகினாள். அவள் உடம்பில் ஓர் அணு கோடி ஆண்டுக்கு ஒருமுறைதான் முனகும். ஆனால் அணுக்கள் எண்ணில் அடங்காதவை அல்லவா, முனகல் ஓயவே இல்லை.

கனலன் சீக்கிரமே வெடித்து அணைந்தான். தூசாயி ஓடி வந்தாள்.

"இனிமே சூடு இல்லையடி. உள்ளே போய் இரு."

"அவன் இல்லாத இடத்தில எனக்கென்ன வேலை?" என்று குளிரழகி நகர மறுத்துவிட்டாள்.

அன்று முதல்தான், ரேடியோ அலையாக வருகிற ஹைட்ரஜனின் முனகலை ரேடியோ தொலைநோக்கியால் கேட்டு வானத்துக்கு வரைபடம் போடுகிறவர்கள், பெரிய விண்மீனைச் சுற்றி வெற்றிடத்தையும் அதற்கப்பால் ஒரு வளையத்தையும் வரைகிறார்கள். விண்மீன் அணைந்துபோன இடத்தில்கூட அந்த வளையம் இன்னும் மூடாமலே நிற்கிறது.