ஆய்வு செய்யப்பட்டது

"எதற்காகப் படிக்க வந்தேனோ, அது மட்டும் கிடைக்கவில்லை மேடம்."

தனுஷ்கோடிக்கு அறுபத்து நான்கு வயது. கொதிகலன் ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அதன்பிறகு பி.எல். முடித்தார். இப்போது எம்.எல். கடைசி ஆண்டு, நிர்வாகச் சட்டம். பேராசிரியர் நசீமாவுக்கு அவருடைய மகளின் வயது.

"எதற்காக வந்தீர்கள்?"

"ஓர் அதிகாரி கடமையில் தவறினால் அது யார் குற்றம்? அவருடையதா, அரசுடையதா? கிடைத்த தீர்ப்பையெல்லாம் படித்துவிட்டேன். ஒவ்வொன்றும் ஒன்று சொல்கிறது."

"உங்கள் ஆய்வேடு என்ன சொல்கிறது?"

"விதிகள் தெளிவாக இல்லை. ஆள் போதவில்லை. போய்வர வண்டி இல்லை. இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம் எழுதியிருக்கிறேன்."

"படித்தேன்" என்றார் நசீமா.

மேசை நாட்காட்டியைப் புரட்டிப் பார்த்தார்.

"சனிக்கிழமை நம் சட்ட உதவி மையத்துக்கு வாருங்கள்."

தனுஷ்கோடி போனார். மேசைக்கு எதிரே ஓர் அம்மாள் உட்கார்ந்திருந்தாள். பெயர் பவுனம்மாள். கையில் நான்காக மடித்த காகிதங்கள்.

"சார் படிச்சு விளக்கமாச் சொல்வாரும்மா" என்றார் நசீமா. ஜன்னலோரமாகப் போய் உட்கார்ந்துகொண்டார்.

தனுஷ்கோடி பிரித்தார்.

ஏழு வருஷத்துக்கு முன்பு ஒரு ரைஸ் மில்லில் நெல் அவிக்கிற பாய்லர் வெடித்த வழக்கு. அன்று அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டிருந்தவள் பவுனம்மாளின் மகள் தமயந்தி. அதில் இறந்துபோனாள். வயது இருபத்திரண்டு. நஷ்டஈடு கேட்டுச் செய்த மேல்முறையீட்டின் உத்தரவு இப்போதுதான் வந்திருக்கிறது.

மில்லின் பெயரைப் பார்த்ததும் அவர் நிமிர்ந்தார். நசீமா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"படிங்க சார்" என்றாள் பவுனம்மாள்.

"கொதிகலன் முறைப்படி ஆய்வு செய்யப்பட்டு, நல்ல நிலையில் இருந்ததாகச் சான்றளிக்கப்பட்டுள்ளது. எனவே விபத்துக்குத் தொழிலாளியின் கவனக்குறைவே காரணம்."

"அப்படின்னா?"

"பாய்லர் நல்லா இருந்துச்சாம். உங்க பொண்ணுதான் சரியாப் பார்க்கலையாம்."

பவுனம்மாள் தலையை ஆட்டினாள். "மில்லுலயும் அதைத்தான் சொன்னாங்க. இருக்கும் சார். வேலை செய்யறப்பவும் வாய் ஓயாது அவளுக்கு. பாடிக்கிட்டே இருப்பா."

தனுஷ்கோடி அடுத்த பக்கத்தைத் திருப்பவில்லை.

"பாய்லர் நல்லா இருந்துச்சுன்னு யாரு சார் சொன்னது?"

"ஒரு ஆபீசர்."

"வந்து பார்த்துட்டா?"

பதில் தயாராக இருந்தது. அந்த வாரம் பதினொரு மில். ஜீப் ஒர்க் ஷாப்பில். போன வருஷச் சான்றைப் பார்த்து எழுதினால் போதும் என்று எல்லோருக்கும் தெரியும். துறை விசாரணையில் இதைத்தான் சொன்னார். விசாரணையும் ஏற்றுக்கொண்டது.

"வரலைம்மா" என்றார்.

"வரலையா?"

"ஆபீஸில் உட்கார்ந்தபடியே எழுதினது."

"உங்களுக்கு எப்படி சார் தெரியும்?"

கடைசிப் பக்கத்தில் சான்றின் நகல் இருந்தது. அதை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். கீழே இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதே. யாரு பேரு போட்டிருக்கு?"

"என் பேரும்மா."

நசீமா திரும்பவில்லை.

தனுஷ்கோடி மேசையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை இழுத்தார். அன்று தான் மில்லுக்குப் போகவில்லை என்பதை எழுத ஆரம்பித்தார். அவள் கத்துவாள், எழுந்து வந்து அடிப்பாள் என்று நினைத்தார். அடித்தால் தேவலை என்றுகூட இருந்தது.

பவுனம்மாள் அவரைப் பார்க்கவே இல்லை.

"ஏழு வருஷமா" என்றாள், "எம்பொண்ணையில்ல நான் திட்டிக்கிட்டிருந்தேன்."