முப்பது கணினியும் ஒரு கேள்வியும்

பாளையங்கோட்டையில் ஒரு நர்சிங் கல்லூரி. அதன் கணினி அறையில் பெரிய பெட்டி ஒன்று. அந்தப் பெட்டிக்குள் முப்பது கணினிகள் இருந்தன. கையால் தொடக்கூடியவை அல்ல. மென்பொருளே கட்டிக் கொடுத்த மெய்நிகர் கணினிகள். ஒவ்வொரு தேர்வுக்கு முன்பும் முப்பதையும் துடைத்துவிட்டுப் புதிதாக இயங்குதளம் ஏற்ற வேண்டும்.

ஏற்றுவது பொன்னுலிங்கத்தின் வேலை. ஐம்பத்தாறு வயதில் இதைக் கற்க வந்தவர். கற்றுக்கொடுத்த மைமூன் டீச்சர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர்.

இயங்குதளம் ஏறும்போது நின்று நின்று கேட்கும். என்ன மொழி? எந்த ஊர் நேரம்? எந்த டிஸ்க்கைத் துடைக்க? பாஸ்வேர்டு என்ன? முப்பது முறையும் அதே கேள்விகள். பதில் சொல்லி முடித்து வீடு போய்ச் சேர எட்டு மணியாகிவிடும்.

வீட்டில் மனைவி செண்பகம் படுக்கையில். பக்கவாதம். பகலில் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டு ஸ்டெல்லா சொல்லிவிட்டாள். "ஆறு மணிக்கு மேல இனிமே என்னால முடியாது அண்ணாச்சி. என் வீட்டுலயும் அடுப்பு எரியணும்லா?"

சனிக்கிழமை மதியம் பொன்னுலிங்கம் டீச்சரிடம் கேட்டார்.

"டீச்சரம்மா, எதையுமே கேக்காம இது ஏற வழி இல்லையா?"

"இருக்கே. பதிலை எல்லாம் முன்னாடியே ஒரு ஃபைல்ல எழுதி வச்சுட்டா அது பாட்டுக்கு ஏறிரும்."

"இதை மூணு வருசமா ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கல." டீச்சர் சிரித்தார். "எழுதுங்க. ஆனா ஒவ்வொண்ணையும் யோசிச்சு எழுதுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? வீட்டுலயே அப்படித்தான் செஞ்சு வச்சிருக்கேன்."

செண்பகத்துக்கு எதுவும் நினைவில் நிற்பதில்லை. கேட்டதையே கேட்பாள். அதனால் ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கட்டிலுக்கு எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்தார். மகள் ஓசூரில் இருக்கிறாள். கேஸ் மூடியாச்சு. நீ வழுக்கி விழுந்தாய், சரியாகிவிடும். பக்கவாதம் என்று எழுத அவருக்கு மனம் வரவில்லை.

டீச்சர் ஃபைல் எழுதக் கற்றுக்கொடுத்தார்.

முப்பதிலும் ஒரே நேரத்தில் ஏறியது. ஒன்றுகூட வாய் திறக்கவில்லை. ஐந்தரைக்கெல்லாம் பொன்னுலிங்கம் பஸ்ஸில் இருந்தார். ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனார்.

திங்கட்கிழமை காலை எட்டு மாணவிகள் வாசலில் நின்றார்கள்.

பன்னிரண்டாவது கணினியில் மட்டும் இரண்டு டிஸ்க்குகள். முதலாவதில் அந்தப் பிள்ளைகளின் வார்டு குறிப்புகள். மூன்று வருஷமாக அந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பொன்னுலிங்கத்தின் விரல் தானாக இரண்டாவதைத் தொட்டுவிடும். தொடுவது அவருக்கே தெரியாது. ஃபைலில் அவர் எழுதியிருந்தது: முதல் டிஸ்க்கைத் துடை.

பழைய நகல் இருந்தது. கடைசி ஒரு வாரம் மட்டும் அதில் இல்லை.

"ஏழு நாள் வார்டுல நின்னு எழுதுனது சார்" என்றாள் ஒருத்தி. அழக்கூட அவளுக்குத் தெம்பு இல்லை.

அவர்கள் போனபின் பொன்னுலிங்கம் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே டீச்சரம்மா. அது ஏன் கேக்கல?"

"கேக்காதேன்னு நீங்கதானே எழுதினீங்க அண்ணாச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். இரண்டாவதைத் தொட்டுப் பழகிய விரலைப் பார்த்தார்.

"அப்போ மறுபடியும் எட்டு மணிதானா? ஸ்டெல்லா போயிட்டா செண்பகம் தனியால்ல கிடப்பா?"

டீச்சர் வேறொன்று கேட்டார். "சுவத்துல எழுதி ஒட்டியிருக்கீங்களே, அக்கா கேக்குற எல்லாத்துக்கும் அதுல பதில் இருக்கா?"

"ஒண்ணைத் தவிர."

"எது?"

"'என்னைப் பாத்துப் பாத்துச் சலிச்சுப் போச்சா'ன்னு கேப்பா."

"எப்பவாவதா?"

"தினமும்."

"தினமும் வேற வேற பதிலா?"

"இல்லம்மா. ஒரே பதில்தான்."

"பிறகு ஏன் எழுதல?"

"அதைச் சுவரு சொல்லக் கூடாது டீச்சரம்மா."

டீச்சர் ஃபைலைத் திறந்தார். டிஸ்க் பற்றிய வரியை மட்டும் அழித்தார். சேமித்து மூடினார்.

"இனி தொடங்கினதும் எந்த டிஸ்க்குன்னு மட்டும் கேக்கும். முப்பதுக்கும் சொல்ல அரை மணி நேரம். மிச்சத்தை அதுவே பாத்துக்கும். நீங்க பஸ் ஏறிரலாம்."

பொன்னுலிங்கம் எழுந்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"அரை மணி நேரமானாலும், முப்பது தடவை டீச்சரம்மா. அது கேக்கும்போது எனக்குச் சலிச்சிருந்தா?"

"சலிச்சுக்கிட்டே சொல்லுங்க அண்ணாச்சி" என்றார் டீச்சர். "பாத்துச் சொல்லுங்க."