மொரிஷிதாவுக்கு ராமென் வாங்கிக் கொடுத்த கதை

இதை நான் நேரில் பார்க்கவில்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டுக்காரர் சொன்னது. அவருக்கும் வேறு யாரோ சொன்னதுதான். கூட்டாமல் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு பம்ப் கம்பெனி. அங்கே ஏழுமலை, தேசிங்கு, கோதண்டம் என்று மூன்று ஒப்பந்தத் தொழிலாளிகள். அவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்க ஜப்பானிலிருந்து வந்தவர் மொரிஷிதா. திங்கட்கிழமை அவர் கையெழுத்துப் போட்டால் ஏழுமலைக்கு வேலை நிரந்தரம். நிரந்தரமானால்தான் பெண் வீட்டில் கல்யாணத்துக்குத் தேதி குறிப்பார்கள்.

மொரிஷிதாவோ மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. கேண்டீனில் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

"கன்னத்துல கை வச்சா என்னடா அர்த்தம்?" என்றான் தேசிங்கு.

"துக்கம். எங்க வீட்டுல அப்படி உக்காந்தா அம்மா கையைத் தட்டி விடும்," என்றான் கோதண்டம்.

"ஊர்ச் சாப்பாட்டு ஏக்கம்டா," என்றான் ஏழுமலை. "ஞாயித்துக்கிழமையே ஃபிளைட் ஏறிட்டாருன்னா என் கல்யாணம் அவ்ளோதான்."

சூப்பில் நூடுல்ஸை மிதக்கவிட்டுத் தருவார்களே, ராமென், அது சென்னையில் நல்லதாகவும் மலிவாகவும் எங்கே கிடைக்கும் என்று டிரைவர் குணசீலனைக் கேட்டார்கள். ஜப்பான்காரர்களுக்கே பத்து வருஷம் கார் ஓட்டியவர் அவர்.

"போர்டைப் பார்த்து ஏமாறாதீங்கப்பா. போர்டுல யாரு வேணா எது வேணா எழுதுவான்," என்றார் குணசீலன். "வாசல்ல ஆளுங்க காத்துக்கிட்டு இருக்கணும். உள்ளேருந்து உறிஞ்சுற சத்தம் வரணும். சட்டையில தெறிக்காம கழுத்துல துணி கட்டி விடணும். அதான் நல்ல கடை."

ஞாயிறு காலை மொரிஷிதாவோடு சென்னையில் இறங்கினார்கள். போர்டைப் பார்க்கக் கூடாதே என்று மூவரும் தலையைக் குனிந்துகொண்டே நடந்தார்கள். கோதண்டம் ஒரு மின்கம்பத்தில் மோதி, அதனிடம் மன்னிப்புக் கேட்டான்.

முதலில் ஒரு இளநீர்க் கடை. ஆட்கள் காத்திருந்தார்கள். உறிஞ்சும் சத்தமும் கேட்டது. "கழுத்துல துணி கட்டி விடுவீங்களாண்ணே?" என்று கோதண்டம் பணிவாகக் கேட்டான். கடைக்காரர் கையில் அரிவாளோடு நிமிர்ந்தார். அடுத்த தெருவுக்குப் போனார்கள்.

அங்கே தேசிங்கு தெரியாத்தனமாகத் தலையைத் தூக்கிவிட்டான். "டேய், ராமென்னு இவ்ளோ பெருசா எழுதியிருக்குடா."

"அப்ப அது ஏமாத்துக் கடைதான்," என்றான் ஏழுமலை. மொரிஷிதாவின் கையைப் பிடித்து எதிர்ப்பக்கம் இழுத்துப் போனான்.

எதிர்ப்பக்கத்தில் ஒரு வாசல். பன்னிரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருந்தார்கள். உள்ளேயிருந்து சர்ரென்று உறிஞ்சும் சத்தம். கதவு திறந்தபோது கழுத்தில் நீலத் துணி கட்டிய ஒருவர் சாய்ந்து படுத்திருப்பது தெரிந்தது.

"படுத்துக்கிட்டா சாப்பிடுவாங்க?" என்றான் தேசிங்கு.

"நாம சாப்பிட்டுட்டுப் படுக்கறோம். அவங்க முன்னாடியே படுத்துடறாங்க. நேரம் மிச்சம்," என்றான் கோதண்டம்.

ஒரு பெரியவர் கன்னம் உப்பி, வாயை இறுக்க மூடிக்கொண்டு வெளியே வந்தார்.

"வாயில இருக்கறதை முழுங்க மனசு வரலை பாரு," என்றான் ஏழுமலை.

போர்டைப் பார்க்கக் கூடாது என்று மொரிஷிதாவுக்கு யாரும் சொல்லவில்லை. அவர் போர்டைப் பார்த்தார். அதில் வரைந்திருந்த பெரிய பல்லைப் பார்த்தார். கண் கலங்க, ஏழுமலையின் முன்னால் இடுப்பு வரை குனிந்து வணங்கினார். மூன்று நாளாக யாரிடமும் சொல்லாத கடைவாய்ப் பல்வலியை இந்தப் பையன் மட்டும் எப்படிக் கண்டுபிடித்தான் என்று அவருக்கு ஆச்சரியம். கடை சரியான கடைதான் என்று ஏழுமலைக்கு நிம்மதி.

விருந்தாளியை முதலில் அனுப்பினார்கள். அரைமணி நேரம் கதவு திறக்கவில்லை. "பிடிக்கலையோ," என்று ஏழுமலை நகத்தைக் கடித்தான்.

கதவு திறந்தது. மொரிஷிதா கன்னம் உப்ப வந்தார். பேச முடியவில்லை. ஆனால் சிரித்தார். ஏழுமலையின் இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கினார்.

அப்புறம் மூவரும் ஒருவர் பின் ஒருவராக உள்ளே போனார்கள். ஏழுமலைக்குப் பல்லைச் சுத்தம் செய்து அனுப்பினார்கள். கோதண்டத்துக்கு ஒரு சொத்தையை அடைத்தார்கள். தேசிங்கு ஒரு பொட்டலத்தோடு வந்தான். பிரித்தால் அவனுடைய கடைவாய்ப் பல்.

"பார்சலா? எனக்குத் தரலையே," என்றான் கோதண்டம்.

"எவ்ளோடா ஆச்சு?" என்றான் ஏழுமலை.

"காசே வாங்கலை. ஞாயித்துக்கிழமை இலவசமாம்," என்றான் தேசிங்கு.

இதைவிட மலிவான கடை சென்னையில் இருக்க முடியாது என்று மூவரும் ஒப்புக்கொண்டார்கள். கோதண்டத்துக்கு ஒரே ஒரு குறை. "முதல்ல ஊசி போடறாங்கடா. அப்புறம் ருசி எங்க தெரியுது?"

திங்கட்கிழமை மொரிஷிதா இரண்டு தட்டு தயிர்சாதம் சாப்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பெண் வீட்டில் தையில் தேதி குறித்தார்கள்.

எனக்கு இதில் பாதிகூட நம்பிக்கை வரவில்லை. போன மாதம் அந்தப் பல் ஆஸ்பத்திரிக்கே போய் விசாரித்தேன். ஞாயிற்றுக்கிழமை இலவச முகாமுக்கு வந்தவர்கள் நிரப்பிய படிவங்களைக் காட்ட முடியாது என்று சொல்லிவிட்டார் அங்கிருந்த அக்கா. சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு வரி மட்டும் படித்துக் காட்டினார். 'என்ன தொந்தரவு' என்ற இடத்தில் ஏழுமலை எழுதியிருந்தது: பசி. 'அடுத்து எப்போது வர வேண்டும்' என்ற இடத்தில்: தேதி குறித்ததும் சொல்கிறேன், கல்யாண வரவேற்பு, முந்நூறு பேர்.