டீனியாம்மா வரவில்லை

எதற்கெடுத்தாலும் ஊதா மருந்து தடவிய காலம் அது. எங்கள் ஊர்ப் பெரியாஸ்பத்திரியின் தோல் பிரிவுக்குப் போனவர்கள் ஊதா பூசிக்கொண்டுதான் வீடு திரும்புவார்கள். தடவுகிறவர், புண்ணுக்குக் கட்டுப்போடும் டிரஸ்ஸர் இருதயம். தோல் பிரிவில் இருதயத்துக்கு என்ன வேலை என்று கேட்காத ஆளே கிடையாது.

ஒரு சித்திரை வெயிலில், கோட்டும் டையுமாகப் பட்டணத்துப் பெரிய டாக்டர் ஞானவரதன் ஆஸ்பத்திரியைப் பார்வையிட வந்து இறங்கினார். நோயாளிகளின் சீட்டுகளில் இருதயம் தமிழில் எழுதியிருந்ததைப் பார்த்ததும் அவருக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

“தோல் நோய்க்குத் தமிழ்ல ஏதுய்யா பேரு? எல்லாம் சொறி சிரங்குதானே! நான் காபி குடிச்சு முடிக்கிறதுக்குள்ள இந்த நூறு பேரையும் நோய்வாரியா நிறுத்து. முடியலேன்னா நாளையிலேர்ந்து உனக்குப் பிணவறையில வேலை.”

எப்படிக் கூப்பிட வேண்டும் என்று காட்ட, அவரே வாசலில் நின்று, படை நோய்க்கு உள்ள லத்தீன் பெயரை முழங்கினார்: “டீனியா!”

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது.

“அந்தம்மா இன்னிக்கு வரலீங்க” என்றாள் ஒரு கீரைக்காரி.

இருதயம் தொண்டையைச் செருமிக்கொண்டார். “தேமல் எல்லாம் வேப்பமரத்தடிக்குப் போங்க! படை, பம்படிக்கு! சேத்துப்புண், படிக்கட்டுல உக்காருங்க! பாலுண்ணி, அக்கி, கரப்பான், சுவரோரமா நில்லுங்க!”

காபி ஆறுவதற்குள் கூட்டம் தானாகப் பிரிந்து நின்றது.

“வேர்க்குரு, எங்கிட்ட வாங்க!”

டைக்குள் விரலை விட்டுச் சொறிந்துகொண்டிருந்த பெரிய டாக்டர், தன்னையறியாமல் ஓரடி முன்னால் வைத்தார்.

“வாங்கய்யா” என்று பரிவோடு பஞ்சை நனைத்தார் இருதயம்.

அன்று மாலை ரயிலில், எங்கள் ஊர்க்காரர்களைப் போலவே, ஞானவரதனும் ஊதாக் கழுத்தோடுதான் ஏறினார்.