கோரைத் திட்டில் ஆடிய மயில்

ஆறு ஒன்று நடுவே ஓடி, பெரிய காடு ஒன்றை இரண்டாகப் பிரித்திருந்தது. ஆற்றின் மத்தியில் கோரைப்புல் மண்டிய மணல்திட்டு. கீழ்க்கரைக் காட்டைச் சேர்ந்த நீர்நாய், அங்கே வளை தோண்டிக் குட்டிகளை வளர்த்துவந்தது.

மேல்கரைப் பன்றிகளுக்குக் கோரைக்கிழங்கின்மேல் ஆசை வந்தது. "திட்டு எங்கள் காட்டுக்குச் சொந்தம்!" என்றன. வழக்கு யானையின் சபைக்குப் போயிற்று.

பன்றிகளின் தலைவனான கிழட்டுப் பன்றி சண்டைக்குப் போகவில்லை. தன் காட்டு மயிலைக் கீழ்க்கரைக்கு அனுப்பியது. மயில் தினமும் வந்து தோகை விரித்து ஆடும். ஆடி முடித்ததும் கண்கலங்கும்.

"அந்தத் திட்டுதான் எங்கள் பூர்வீகம். என் தாத்தா, அவருடைய தாத்தா எல்லாரும் அங்கேயே உண்டு, அங்கேயே உறங்கியவர்கள்!"

முயல்கள் உச்சுக்கொட்டின. "நீர்நாய் நேற்று வந்ததுதானே?" என்றது குரங்கு.

நீர்நாய்க்கு இருப்புக்கொள்ளவில்லை. வளைக்குள் போகும், குட்டிகளை முகர்ந்து பார்க்கும், உடனே வெளியே ஓடிவரும். பிடித்த மீன் வாயிலேயே இருக்கும். 'நானும் ஆடலாமென்றால் என் வாலைப் பார்த்துச் சிரிப்பார்களே!'

சபை கூடும் நாள் வந்தது. விலங்குகள் இரு கரைகளிலும் திரண்டன.

"மயிலண்ணா, பூர்வீக மண்ணில் ஓர் ஆட்டம் ஆடுங்களேன்!" என்றது நீர்நாய்.

மயில் திட்டில் இறங்கி ஆடியது. கரைகள் ஆரவாரித்தன.

"இன்னொன்று, அண்ணா!"

மயில் மீண்டும் ஆடியது.

"இன்னும் ஒன்றே ஒன்று!" குரங்குகளும் சேர்ந்து கத்தின.

வெயில் தாழ்ந்தது. மயில் கால் மாற்றி நின்றது. கழுத்தை நீட்டி அங்குமிங்கும் பார்த்தது. அந்தி சாய்ந்தால் மயில்கள் உயர்ந்த மரக்கிளையில் ஏறிவிடும், தரையில் உறங்கா. திட்டிலோ கோரையைத் தவிர ஒன்றுமில்லை.

"என்ன தேடுகிறீர்கள்?" என்றது நீர்நாய்.

"ஒரு மரம்... ஒரே ஒரு கிளை..."

"உன் தாத்தா எந்தக் கிளையில் உறங்கினாராம்?" என்றது குரங்கு.

"அசையாதே! அங்கேயே படு!" என்று மேல்கரையிலிருந்து உறுமியது கிழட்டுப் பன்றி.

"நரி வந்தால் நீயா வருவாய்?" என்று அகவிவிட்டு, மயில் தன் காட்டு மருதமரத்தை நோக்கிப் பறந்துவிட்டது.

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. "இருட்டிய பிறகும் யார் இருக்கிறார்களோ, அவர்களுக்கே திட்டு" என்றது யானை.

அதைக் கேட்க நீர்நாய் அங்கே நிற்கவில்லை. குட்டிகளுக்குப் பசி.

நீதி: ஆட்டம் அழகாக இருப்பதால், ஆடுபவர் சொல்வதெல்லாம் உண்மையாகிவிடாது.